முதிய நாய்க்குப் புது வீடு

எட்டு வயதைத் தாண்டிய ஒரு மீட்பு நாயை வீட்டில் சேர்ப்பதும் குட்டியைத் தத்துக் கொடுப்பதும் ஒரே வேலை அல்ல. குட்டியை எடுக்கும் குடும்பம் அதைத் தன் வசதிக்கு ஏற்பப் பழக்கிக்கொள்ளலாம் என்று நம்புகிறது. முதிய நாயிடம் அந்த நம்பிக்கைக்கு இடம் குறைவு. அதன் குணமும் பழக்கமும் நோயும் ஏற்கெனவே படிந்துவிட்டவை. எனவே நாயை வீட்டுக்கு ஏற்றபடி மாற்ற முயலாமல், நாய்க்கு ஏற்ற வீட்டைத் தேட வேண்டும். பரிதாபத்தைக் கிளப்பி ஆள் பிடிப்பது எளிது. ஆனால் பரிதாபப்பட்டு எடுத்துப் போனவர்களே விரைவில் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்பது மீட்புப் பணியில் இருப்பவர்களின் பொதுவான அனுபவம். குறைகளை முழுதும் கேட்டறிந்த பிறகும் "சரி, கொடுங்கள்" என்பவரிடம்தான் முதிய நாய் நிலைக்கிறது. இந்த அத்தியாயம் அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கும் வழியைத் தமிழ்நாட்டு நகரச் சூழலை வைத்து விளக்குகிறது.

வீடு தேவைதானா?

தெருவில் ஒரு கிழ நாயைக் கண்டதும் தூக்கி வந்துவிடுவது எப்போதும் நல்லதல்ல. பல வருடமாக ஒரு டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கு அந்த வாசலே வீடு. கடைக்காரர் பொறை போடுகிறார், பக்கத்து மெஸ்ஸிலிருந்து சோறு வருகிறது, மழை வந்தால் வாட்ச்மேன் சாக்கு விரிக்கிறார். அப்படிப்பட்ட நாயை நான்காவது மாடியில் கொண்டுபோய் வைத்தால் அதற்கு நன்மையைவிடத் துன்பமே அதிகம். தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றுதான் 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் கூறுகின்றன. அங்கேயே வைத்து மருத்துவம் பார்க்க முடிந்தால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும்.

நிலைமை மாறும்போதுதான் வீடு அவசியமாகிறது. பார்வை போய்விட்டது, பின்னங்கால்கள் தளர்ந்து வண்டிக்கு ஒதுங்க முடியவில்லை, இளம் நாய்கள் சோற்றுப் பக்கமே அண்டவிடுவதில்லை, சோறு வைத்துவந்த ஒரே ஆளும் இறந்துவிட்டார் என்பவை அப்படிப்பட்ட நிலைமைகள். தெருநாயைத் தத்தெடுப்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் 22 ஆணையும் இடம் தருகிறது. விரும்புபவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு அவருடையது.

வீட்டில் வளர்ந்து தெருவில் விடப்பட்ட நாயின் கதை வேறு. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பக், பிறகு நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளை நாய் (அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ்) ஆகியவை முதுமையில் கைவிடப்படுகின்றன. குடும்பம் வெளிநாடு போகிறது, தனி வீடு அடுக்ககமாகிறது, வளர்த்தவர் இறந்துபோகிறார். குட்டி விற்பனைக்காகவே கூண்டில் வைக்கப்பட்டிருந்த பெண் நாய்களும் இந்தக் கூட்டத்தில் சேரும். எட்டு வயதுக்கு மேல் குட்டி ஈன வைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்வதால் மட்டும் அந்த வயது நாய்க்குச் சோறு கிடைத்துவிடுவதில்லை. தொங்கிய மடிக்காம்பும், சிமெண்டுத் தரையில் படுத்துக் காய்த்துப்போன முழங்கைகளும் அவற்றின் அடையாளம். தெருவின் சட்டதிட்டம் எதுவும் இவற்றுக்குத் தெரியாது. இவற்றைப் பொறுத்தவரை காத்திருக்க நேரமில்லை.

பழைய உரிமையாளர்

கைவிடப்பட்டதுபோலத் தெரியும் நாய் காணாமல் போனதாகவும் இருக்கலாம். தீபாவளி வாரத்தில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடிவரும் நாய்களில் வயதானவையும் உண்டு. காது மந்தமும் பார்வை மங்கலும் சேர்ந்தால் நான்கு தெரு தள்ளி வந்தாலே வீடு திரும்ப வழி தெரியாது. ஆகவே முதல் வேலை விசாரிப்பு. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைகள், இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், அடுக்ககக் காவலாளிகள், காலை நடைக்கு வருபவர்கள் ஆகியோருக்கு அந்தப் பகுதி நாய்களில் பாதியாவது தெரிந்திருக்கும்.

தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று மருத்துவமனையில் கருவி வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிப் காட்டுவது 15 இலக்க எண்ணை மட்டுமே. அந்த எண் எந்தப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தனியே தேட வேண்டும். கண்டெடுத்த செய்தியைப் பரப்பும்போது ஓர் அடையாளத்தை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்வது நல்லது. காதின் கிழிசலையோ அடிவயிற்றுத் தழும்பையோ தானாகச் சொல்பவரே உண்மையான உரிமையாளர்.

உரிமையாளரே நாயை ஒப்படைக்க வருவதும் உண்டு. அவரைத் திட்டி அனுப்பினால் ஆத்திரம் தீரும், தகவல் போய்விடும். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு கைவிடுதலைக் குற்றமாக்குகிறது. ஆனால் முதல் குற்றத்துக்கான அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான். அதைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. அதைவிட மருத்துவக் கோப்பு, சாப்பிடும் நேரம், எந்த வார்த்தைக்கு உட்காரும், யாரைக் கடித்திருக்கிறது என்பவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வதே பயன் தரும். புது வீடு கிடைக்கும்வரை நாய் பழைய வீட்டிலேயே இருக்கட்டும் என்று பேசிச் சம்மதிக்க வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. நாய் ஒரு முறை மட்டும் இடம் மாறினால் போதும்.

மருத்துவப் பரிசோதனை

முதிய நாயைத் தத்துக் கொடுப்பதில் பாதி வேலை மருத்துவரிடம் முடிகிறது. எடுப்பவருக்கு இருக்கும் பெரிய பயம் செலவு. அதைவிடப் பெரிய பயம், என்ன செலவு வரும் என்று தெரியாதது. பரிசோதனை அந்த இரண்டாவது பயத்தைப் போக்குகிறது.

வயதைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் எல்லாம் முளைத்துவிடுவதால், அதன் பிறகு தேய்மானத்தையும் காரையையும் வைத்து ஊகிப்பதுதான் வழி. கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே கிடந்த நாய்க்கு இளம் வயதிலேயே பல் தேய்ந்திருக்கும். முகவாய் நரைப்பதும் சில நாய்களுக்குச் சீக்கிரமே தொடங்கிவிடும். கண்மணியில் தெரியும் நீல மங்கல் ஏழு வயதுக்கு மேல் இயல்பாக வருவது. பார்வையை அதிகம் கெடுக்காது. கண்புரை என்றால் வெள்ளையாகத் தெரியும், பார்வையை மறைக்கும். இரண்டையும் மருத்துவர் வெளிச்சம் அடித்துப் பார்த்துப் பிரித்துச் சொல்வார். கடைசியில் "8 முதல் 10 வயது" என்று இடைவெளியோடு எழுதுவதே நேர்மை. உடல் அளவும் கணக்கில் வர வேண்டும். கிரேட் டேனுக்கு ஏழு வயது என்பது முதுமை. வீட்டில் நன்றாகப் பராமரிக்கப்படும் நாட்டு நாய் 13, 14 வயதுவரை வாழ்வது அரிதல்ல.

ரத்தப் பரிசோதனையில் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதான பிறகே கிரியாட்டினின் ஏறும் என்பதால், அந்த எண் சரியாக இருக்கிறது என்று அதோடு நிறுத்தாமல் சிறுநீரின் அடர்த்தியையும் பார்ப்பது அவசியம். தென்னிந்தியாவில் உண்ணிக் காய்ச்சல் மிகப் பரவலானது. எர்லிகியா, பேபீசியா ஆகிய இரண்டும் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் உடலில் தங்கும். ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், காரணமில்லாத சோர்வு ஆகியவற்றைக் கிழட்டுத்தனம் என்று தள்ளிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. எர்லிகியாவுக்குப் பொதுவாக நான்கு வாரம் டாக்சிசைக்ளின் கொடுக்கப்படுகிறது. அந்த மருந்து முடிந்த பிறகு ஒப்படைப்பதே சரி. பாதியில் கொடுத்தால் மிச்ச மாத்திரைகள் புது வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும்.

கருத்தடை ஆகாத பெண் நாய் என்றால் கருப்பையில் சீழ் கட்டும் பயோமெட்ரா என்ற ஆபத்து இருக்கிறது. சூடு முடிந்து சில வாரம் கழித்து அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, வாந்தி, துர்நாற்றத்தோடு கசிவு என்று தொடங்கி, அறுவை சிகிச்சை தாமதமானால் உயிரையே எடுத்துவிடும். மடிக்கட்டிகளும் இந்த வயதில்தான் தென்படும். மயக்க மருந்து தாங்கும் என்று ரத்த முடிவைப் பார்த்து மருத்துவர் சொன்னால், வயதைக் காரணம் காட்டாமல் கருத்தடையை முடித்துவிட வேண்டும். தெருவிலிருந்து வந்த நாய்களுக்குப் பிறப்புறுப்பில் காலிஃபிளவர்போலத் தோன்றும் கட்டி உண்டு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். கட்டி என்ற ஒரே வார்த்தையால் நல்ல வீடுகள் கைநழுவிப் போகாமலிருக்க, இதையும் எடுப்பவருக்கு விளக்க வேண்டும்.

தடுப்பூசி வரலாறு தெரியாத நாய்க்கு எதுவுமே போடப்படவில்லை என்று வைத்துக்கொண்டு வெறிநோய் ஊசியும் கூட்டு ஊசியும் போட வேண்டும். எலிக் காய்ச்சலுக்கு எதிரான பாதுகாப்பும் அந்தக் கூட்டு ஊசியில் சேர்ந்திருப்பது மழைக்காலத்தில் முக்கியம். உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28ஐ ஒட்டிப் பல அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும். சென்னையில் சிக்கலான நோய்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். நாயைக் கையாளுபவர்களும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பல்லோ நகமோ பட்டால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் நாயின் வயதுக்கோ சாதுவான முகத்துக்கோ சலுகை கிடையாது.

குணம் அறிதல்

காப்பகத்தில் ஒரு நாயின் உண்மையான குணம் தெரியாது. சுற்றிலும் குரைப்பு, அந்நிய வாசனை, பக்கத்துக் கூண்டில் புதுப்புது நாய்கள் என்றிருக்கும் இடத்தில் முதிய நாய் சுருண்டு படுத்துவிடும் அல்லது எதையும் யாரையும் கண்டு சீறும். 1959இல் தொடங்கப்பட்ட சென்னை புளூ கிராஸ் போன்ற பழைய நிறுவனங்கள் உட்பட எங்குமே இட நெருக்கடி தீராத பிரச்சினை. அதனால் இரண்டு மூன்று வாரமாவது ஒரு சாதாரண வீட்டில் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது மிகவும் பயன்படும்.

அந்த வாரங்களில் கவனிக்க வேண்டியது அன்றாட விஷயங்களைத்தான். குக்கர் விசிலுக்கு என்ன செய்கிறது, வழுவழுப்பான டைல்ஸ் தரையில் நடக்க முடிகிறதா, எத்தனை படி ஏறும், லிஃப்டுக்குள் வருமா, தனியாக விட்டால் எத்தனை மணி நேரம் தாங்கும், சோற்றுத் தட்டருகே கை போனால் உறுமுகிறதா, பூனையையும் கோழியையும் எப்படிப் பார்க்கிறது, இரவில் எத்தனை முறை எழுகிறது ஆகியவற்றையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். உறுமலைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. வலிக்கும் இடுப்பைத் தொட்டால் உறுமுவது நாய் தரும் எச்சரிக்கை. எச்சரிக்காமல் கடிக்கும் நாயைவிட எச்சரிக்கும் நாயை வைத்துக்கொள்வது எளிது.

வீட்டு நாயாக இருந்திருந்தால் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும். மணி, டாமி, ஜிம்மி, ராக்கி, சீஸர், ரோஸி, ஜூலி, பிளாக்கி என்று நம் ஊரில் புழங்கும் பெயர்களை, அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது ஒவ்வொன்றாக மெல்லக் கூப்பிட்டால் ஏதாவது ஒன்றுக்குக் காது அசையலாம். "உட்கார்", "சிட்", "வா", "பைட்டோ" என்று பல மொழியிலும் முயன்று பார்க்கலாம்; இந்தி பேசும் குடும்பத்திலிருந்து வந்த நாய் தமிழ் புரியாததால் பிடிவாதக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கும். எதற்குமே அசையாத நாயின் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். காது கேட்காத நாய் தரையைத் தட்டும் அதிர்வுக்குத் திரும்பும், கைச் சைகையையும் சில வாரத்தில் கற்றுக்கொள்ளும்.

அறிவிப்பு

பகல் வெளிச்சத்தில், நாயின் கண்மட்டத்தில் குனிந்து எடுத்த முகப்படம் ஒன்று, நின்றவாக்கில் முழு உடல் தெரியும் படம் ஒன்று, நடப்பதைக் காட்டும் அரை நிமிடக் காணொளி ஒன்று இருந்தால் போதும். புண்ணோடு கிடந்தபோது எடுத்த பழைய படத்தை முதலில் போடும் வழக்கம் விட வேண்டியது. அது விருப்பக்குறிகளைச் சேர்க்குமே தவிர வீட்டைச் சேர்க்காது. "இதுவே கடைசி வாய்ப்பு", "நாளைக்குள் எடுக்காவிட்டால் தெருவில்தான்" போன்ற வரிகளும் அப்படித்தான். பதறிப்போய் வருபவர் பதற்றம் தணிந்ததும் திருப்பித் தந்துவிடுவார்.

நல்ல அறிவிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ரோஸி. பெண், நாட்டு நாய். வயது 8 முதல் 10. எடை 16 கிலோ. கருத்தடையும் தடுப்பூசியும் ஆகிவிட்டன. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் வெளியே கூட்டிப்போக வேண்டும். இடது பின்னங்கால் முன்பு முறிந்து கூடியது, லேசாக நொண்டும், மாடி ஏறாது. மூட்டுவலிக்குத் தினம் ஒரு மாத்திரை. பூனையைத் துரத்தும். சிறு குழந்தைகள் மேலே விழுந்தால் உறுமும். மற்ற நேரமெல்லாம் வாசற்படியில் படுத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். தரைத்தளம், பூனை இல்லாத வீடு, பெரியவர்கள் மட்டும் உள்ள குடும்பம் வேண்டும்."

இதைப் படித்துப் பலர் ஒதுங்கிவிடுவார்கள், ஒதுங்கட்டும். ஒரு நாய்க்கு ஒரு வீடுதான் வேண்டும். கால்நடை மருத்துவமனையின் அறிவிப்புப் பலகை, அடுக்கக வாட்ஸ்அப் குழுக்கள், தத்தெடுப்பு முகாம்கள் ஆகியவை வழக்கமான இடங்கள். இவற்றைவிட நல்ல பலன் தருவது, வயதான நாயை அண்மையில் இழந்த குடும்பங்களை மருத்துவர் வழியாக அறிவது. அவர்களுக்கு மாத்திரையைத் தயிர்சாதத்துக்குள் ஒளித்துவைக்கத் தெரியும்.

கேட்டு வருபவர்கள்

பணி ஓய்வு பெற்ற தம்பதியர், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், ஏற்கெனவே ஒரு நிதானமான நாய் வைத்திருப்பவர் ஆகியோரிடம் முதிய நாய் பெரும்பாலும் பொருந்திப்போகும். இருந்தாலும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஓய்வு பெற்றவர்களிடம், பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ ஆறு மாதம் போவார்களா என்று கேட்காமல் விடக் கூடாது. போவார்கள் என்றால் அந்த ஆறு மாதம் நாய் யாரிடம் இருக்கும் என்பதற்கு ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். தனியாக வாழும் முதியவரிடம் முப்பது கிலோ லேப்ரடாரைக் கொடுத்தால் அது ஒரு நாள் அவரை இழுத்து வீழ்த்திவிடலாம். அவருக்கு உடல்நலம் குன்றினால் பொறுப்பேற்கும் மகன், மகள் அல்லது நண்பரிடமும் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும்.

வேலைக்குப் போகும் இளம் தம்பதியரை ஒரேயடியாக ஒதுக்கத் தேவையில்லை. நாளின் பெரும்பகுதி தூங்கும் கிழ நாய்க்கு எட்டு மணி நேரத் தனிமை ஓர் இளம் நாய்க்கு இருப்பதுபோலத் தண்டனை அல்ல; சிறுநீர் அடக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

"தோட்டத்துக்குக் காவல் வேண்டும்" என்று வரும் அழைப்புகள் ஏராளம். முதிய நாயைப் பொறுத்தவரை இவற்றுக்கு மறுப்பே பதில். காவல் என்றால் பெரும்பாலும் சங்கிலி, தகரக் கொட்டகை, இரவில் தனிமை, பாம்பு. உடம்பு சரியில்லை என்பதைக் கவனிக்கக்கூட ஆள் இருக்காது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்றால் வயதைக் கேட்காமலே விரும்பிக் கேட்பவர்கள் உண்டு. கருத்தடை ஆகிவிட்டது என்று சொன்னதும் ஆர்வம் வடிந்துபோனால் அவர் தேடியது வேறு.

சைவக் குடும்பங்களில் ஒரு பேச்சு முன்கூட்டியே நடக்க வேண்டும். முட்டையும் கோழியும் வீட்டுக்குள் வராது என்றால் நாய் என்ன சாப்பிடும்? கடையில் வாங்கும் உலர் உணவுக்குச் சிலர் சம்மதிப்பார்கள், சிலர் அதற்கும் தயங்குவார்கள். பாலும் சோறும் மட்டுமே கிடைக்கும் வீட்டில் முதிய நாயின் தசை விரைவாக உருகும். அதேபோல வீட்டுப் பெரியவரின் சம்மதம். பூஜையறைப் பக்கம் நாய் வரக் கூடாது என்று பாட்டி நினைத்தால் ஒரு தடுப்புக் கதவு போதும். நாயே வரக் கூடாது என்று நினைத்தால் பேரனின் ஆசை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் உள்ள அனைவரையும் ஒரு முறை நேரில் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். சொந்த அடுக்கக வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது, லிஃப்டைப் பயன்படுத்துவதையும் மறுக்க முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தத் தாளின் நகலை எடுப்பவர் கையில் கொடுத்துவைக்கலாம்.

கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு விசாரணை நடத்துவதைவிட, பேச்சோடு பேச்சாகக் கேட்பது அதிகம் வெளிக்கொண்டுவரும். "இதற்கு முன் வளர்த்த நாய் எப்படி இறந்தது?" என்ற ஒரு கேள்வி பத்துக் கேள்விக்குச் சமம். எந்த மருத்துவர் பார்த்தார், கடைசி மாதங்களில் யார் தூக்கிவிட்டார்கள் என்று விவரமாகச் சொல்பவரும் உண்டு; "ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டோம்" என்பவரும் உண்டு.

வீட்டைப் பார்த்தல்

வீட்டைப் போய்ப் பார்ப்பது எடுப்பவரைச் சோதிக்க அல்ல, நாயின் கண்ணால் இடத்தைப் பார்க்க. கேட்டின் அடியில் எவ்வளவு இடைவெளி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், கிணற்றுக்கும் சம்புக்கும் மூடி இருக்கிறதா, பார்வை இல்லாத நாய் முட்டிக்கொள்ளும் கூர்மையான விளிம்புகள் எங்கே, மதிய வெயிலில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். மூட்டு தேய்ந்த நாய்க்கு மிகப் பெரிய எதிரி வழுக்கும் தரை. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரையும் வாசல்வரையும் ரப்பர் மேட்டோ கோணிச் சாக்கோ விரித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அந்த வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் முதல் சந்திப்பு வீட்டுக்குள் நடக்கக் கூடாது. இரண்டுக்கும் பொதுவான ஒரு தெருவில், இருவர் பிடித்துக்கொண்டு, சற்று இடைவெளிவிட்டு ஒரே திசையில் நடத்திக் கூட்டிப்போய், அப்படியே சேர்ந்து வீட்டுக்குள் நுழைவதே நல்ல முறை. கிழ நாயைக் குதித்துக் குதித்து விளையாட அழைக்கும் ஒரு வயது நாய் உள்ள வீடு பார்க்க உற்சாகமாக இருக்கும். கிழ நாய்க்கு அது ஓயாத தொல்லை.

தாள்கள்

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். நாயின் விவரமும் அடையாளமும், அறிந்த நோய்களின் பட்டியல், எடுப்பவரின் அடையாளச் சான்று நகல், விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது என்ற வரி, எந்தக் காரணத்தால் வைத்திருக்க முடியாமல் போனாலும் மீட்டவரிடமே திருப்பித் தர வேண்டும் என்ற வரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். நோய்ப் பட்டியலின் கீழ் தனியாகக் கையெழுத்து வாங்குவது பின்னால் வரும் "சொல்லவே இல்லையே" என்ற பேச்சைத் தவிர்க்கும். இதோடு தடுப்பூசிப் புத்தகம், கருத்தடைச் சான்று, ரத்த முடிவுகள், எக்ஸ்ரே எல்லாம் மூலமாகவே போகட்டும்; நகல் மீட்டவரிடம் இருக்கட்டும். சென்னை போன்ற மாநகராட்சிகளில் செல்லப்பிராணி உரிமம் எடுப்பவர் பெயரில் புதிதாகப் பெற வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை.

ஒப்படைப்பும் முதல் மாதங்களும்

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், கத்திரி வெயில், வீட்டில் கல்யாணம் இருக்கும் மாதம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, எடுப்பவருக்குத் தொடர்ந்து சில நாள் விடுமுறை உள்ள ஒரு காலைப் பொழுது பொருத்தமானது. வெளியூர் என்றால் காரே மேல். ரயிலில் முதல் வகுப்பின் இரண்டு அல்லது நான்கு படுக்கை உள்ள தனி அறை முழுவதையும் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில்தான் போக வேண்டும். இதய நோயோ மூச்சிரைப்போ உள்ள முதிய நாயை அந்தக் கூண்டில் அனுப்புவது ஆபத்து.

நாயோடு அது படுத்த சாக்கு துவைக்கப்படாமல் போக வேண்டும். பழைய வாசனைதான் முதல் இரவுக்குத் துணை. ஒரு வாரம் பத்து நாளுக்குப் பழைய உணவே தொடரட்டும், பிறகு சிறிது சிறிதாக மாற்றலாம். ஒரு மாத மாத்திரையையும், அதை எப்போது எப்படிக் கொடுப்பது என்று எழுதிய தாளையும் கொடுக்க வேண்டும். மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் அதிலேயே பெரிய எழுத்தில் எழுதலாம். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அழிக்கக் கூடியவை.

புது இடத்திலிருந்து நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாளில். கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் போட்டு, இரண்டிலும் கயிறு கோத்து நடத்த வேண்டும். கிழம்தானே, எங்கே ஓடப்போகிறது என்ற நினைப்பு பலரை ஏமாற்றியிருக்கிறது. வந்த அன்றே குளிப்பாட்டுவது, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது, மடியில் தூக்கி வைப்பது எதுவும் வேண்டாம். மீட்புப் பணியாளர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் மிரட்சி தணியும், மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று ஆகும். முதிய நாய்க்கு இது நீளலாம். இரவில் காரணமின்றிக் குரைப்பது, மூலையில் முகம் வைத்து நிற்பது, பழகிய கதவை மறப்பது ஆகியவை புது இடக் கலக்கமாகவும் இருக்கலாம், மூளை தளர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பார்வையற்ற நாய் உள்ள வீட்டில் நாற்காலியை இடம் மாற்றாமல் இருந்தாலே அது சில வாரத்தில் வழி கற்றுக்கொள்ளும்.

மீட்டவர் இரண்டாம் நாளும், வாரக் கடைசியிலும், மாத முடிவிலும் பேச வேண்டும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். நேற்று எத்தனை முறை சிறுநீர் போனது, மாத்திரையை எதில் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் உண்மை நிலை தெரியும். நேரில் போய்ப் பார்ப்பதை முதல் மாதத்தில் தவிர்ப்பது நல்லது. பழைய முகத்தைக் கண்டதும் நாயின் மனம் மறுபடி கலையும்.

திரும்பி வந்தால்

சில ஏற்பாடுகள் முறியும். எடுத்தவரைப் பொதுவெளியில் ஏசுவது அடுத்து எடுக்க நினைப்பவர்களையும் விரட்டும். அடுத்த முறை இன்னொருவர் சொல்லாமலே எங்காவது விட்டுவிடவும் தூண்டும். நாயை வாங்கிக்கொண்டு, எது பொருந்தவில்லை என்பதை எழுதிக்கொள்வதே வேலை. இரவில் குரைத்தது, குழந்தையிடம் சீறியது, மூன்றாவது மாடி முடியவில்லை ஆகியவை அடுத்த அறிவிப்பில் சேர வேண்டிய வரிகள். அடுத்த முயற்சிக்கு முன் சில வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும்.

வீடு கிடைக்காதபோது

எல்லா நாய்க்கும் வீடு அமைவதில்லை. மாதக்கணக்கில் யாரும் வராதபோது, தற்காலிகமாக வைத்திருக்கும் வீட்டையே நிரந்தரமாக்குவது ஒரு வழி. வைத்திருப்பவர் தயங்குவது பெரும்பாலும் பணத்துக்காகத்தான். நாய் அவருக்குப் பழகிப்போயிருக்கும். மருந்து, உணவு, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் செலவை மூன்று நான்கு பேர் மாதாமாதம் பகிர்ந்துகொண்டு, பில்லைக் குழுவில் போட்டுக் கணக்குக் காட்டினால் இந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நடக்கும். பணம் தருபவர் ஒவ்வொருவரும் எந்த மாதம்வரை தருவார் என்பதை முதலிலேயே கேட்டுவைப்பது நல்லது. ஆறு மாதத்துக்குப் பின் சுமை ஒருவர் தலையில் விழுவதைத் தடுக்க வேறு வழியில்லை.

குணமாகாத நோயால் வலி மருந்துக்கும் அடங்காத வேதனையில், சாப்பாட்டை மறுத்து, எழ முடியாமல் கிடக்கும் நாயைக் கருணையோடு வழியனுப்பலாமா என்ற முடிவு மருத்துவரின் பரிசோதனைக்குப் பிறகே எடுக்க வேண்டியது. அந்த நிலையிலுள்ள நாய்க்கு வீடு தேடி அலைவதை நிறுத்திவிட வேண்டும். வீடு கிடைக்கவில்லை என்பது மட்டும் ஒருபோதும் அந்த முடிவுக்குக் காரணமாகக் கூடாது. முடிவு எதுவானாலும் தேதி, மருத்துவர் எழுதிய காரணம், கொடுத்த மருந்து ஆகியவற்றை நாயின் கோப்பில் பதிந்து, செலவைப் பகிர்ந்த அனைவருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும்.